இதயத்துக்கும் தசைக்கும் ஒரு துருசு

நலம் காப்போம்: மாதாந்த மருத்துவப் பக்கம்



இம்மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்றை அப்படியே கீழே தருகிறோம். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார்.

"அக்கா, எனக்கு வயது நாற்பத்தெட்டு. இவர் இல்லாமல் போய் பதினைஞ்சு வருசத்துக்கு மேல. தோட்டம் செய்துதான் ரண்டு பிள்ளையளையும் படிப்பிக்கிறன். ஆஸ்பத்திரியில பிறசர் எண்டு சொல்லி ஒரு குளிசை தந்தவை. மகள் அந்தப் பேரைப் போனில தேடிப் பாத்திட்டு, 'அம்மா, இது கல்சியத் தடுப்பான்' எண்டு சொல்லுறாள். ஆனா அதே கிளினிக்கில எலும்புக்கு எண்டு கல்சியக் குளிசையும் தருகினம். ஒரு கையால குடுத்து மற்றக் கையால பறிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு. கல்சியத்தைத் தடுத்தா என்ர எலும்பும் கை காலும் என்னத்துக்கு ஆகும்? மண்வெட்டி பிடிக்கிற கை அக்கா இது. காலும் கொஞ்சம் வீங்கினது. அதால ரண்டு கிழமையா பிறசர்க் குளிசையை நிப்பாட்டிப் போட்டன். நான் செய்தது சரியோ?"

சகோதரி, நீங்கள் கேட்ட கேள்வி மிகச் சரியானது. ஆனால் செய்த காரியம் சரியல்ல. அடுத்த கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே போய் பிறசரைப் பார்த்து, குளிசையை நிறுத்தியதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் ஏசுவார் என்று பயப்பட வேண்டாம். ஏச்சு ஒரு நிமிடத்தில் போய்விடும். பாரிசவாதம் வந்தால் அப்படிப் போகாது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். இதே சந்தேகம் இன்னும் எத்தனையோ பேருக்கு இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கல்சியம் எங்கே இருக்கிறது?

எமது உடலிலுள்ள கல்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதியான 1 சதவீதமே இரத்தத்திலும் தசைகளிலும் மற்ற உறுப்புகளிலும் உள்ளது. ஆனால் இதயம் துடிப்பதற்கும், கை மடங்குவதற்கும், குருதிக் குழாய் சுருங்குவதற்கும் இந்தச் சிறு பங்குதான் காரணம்.

குளத்துத் துருசை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளத்தில் தண்ணீர் முட்டி நிற்கும். வயல் காய்ந்து கிடக்கும். இடையில் ஒரு துருசு. அதைச் சற்றுத் தூக்கினால் போதும், தண்ணீர் பாயும். இறக்கினால் நின்றுவிடும். எமது தசை கோடிக்கணக்கான நுண்ணிய கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்துக்கும் வெளியே கல்சியம் குளத்துத் தண்ணீர் போல நிறைந்திருக்கிறது. உள்ளே மிகமிகக் குறைவு. வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். இடையிலுள்ள மெல்லிய சவ்வில் சிறுசிறு துருசுகள் இருக்கின்றன. இவற்றையே மருத்துவர்கள் கல்சியக் கால்வாய்கள் என்கிறார்கள்.

மின் சைகை வந்ததும் துருசு ஒரு கணம் திறக்கும். கல்சியம் உள்ளே பாயும். தசை சுருங்கும். பின்னர் துருசு மூடும். உள்ளே வந்த கல்சியம் பம்பி வைத்து இறைப்பது போல வெளியேற்றப்படும். தசை தளரும். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை துடிக்கும் எமது இதயம், ஒவ்வொரு துடிப்புக்கும் இந்த வேலையைச் செய்கிறது.

தவளையின் இதயமும் குழாய்த் தண்ணீரும்

இதை முதலில் கண்டறிந்தவர் சிட்னி ரிங்கர் என்ற ஆங்கில மருத்துவர். இலண்டனில் 1880களில் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்து பார்த்தார். துடித்தது. 1882இல் அதை எழுதியும் வெளியிட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கரைசல் சுத்தமான வடிநீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில் செய்யப்பட்டிருந்தது என்று. வடிநீரில் செய்து பார்த்தபோது இதயம் சிறிது நேரத்தில் நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் கலந்திருந்த கல்சியமே இதயத்தைத் துடிக்க வைத்தது என்பதை உணர்ந்து, தன் முந்திய எழுத்தைத் தானே திருத்தி 1883இல் மறுபடி வெளியிட்டார்.

அந்தக் கரைசல் எமக்கு அந்நியமானதல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவரான அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930களில் அதில் லக்ரேற் என்ற பொருளைச் சேர்த்தார். வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் சேலைன் வகைகளுள் ரிங்கர் லக்ரேற், ஹார்ட்மன் என்ற பெயர்கள் அப்படி வந்தவையே. மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட சேலைனை மறக்க முடியாதவர்கள் எம்மிற் பலர் இருக்கிறோம். அந்தத் துளிகளுக்குள் உப்போடு சிறிது கல்சியமும் இருந்திருக்கும்.

மூன்று இடம், மூன்று விதம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். துருசு எல்லா இடத்திலும் இருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி வேலை செய்வதில்லை.

குருதிக் குழாய்: நாடிகளின் சுவரிலும் ஒருவகைத் தசை உண்டு. துருசு வழியாகக் கல்சியம் உள்ளே வந்தால் அத்தசை இறுகி, குழாய் ஒடுங்கும். ஒடுங்கிய குழாயில் இரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதல் விசையோடு வேலை செய்ய வேண்டும். பிறசர் ஏறும்.

இதயம்: வெளியிலிருந்து வரும் சிறிதளவு கல்சியம், கலத்துக்குள்ளே இருக்கும் பெரிய களஞ்சியத்தின் வாயைத் திறக்கிறது. அங்கிருந்து வெளிவரும் கல்சியமே துடிப்புக்கு வேண்டிய வலுவைத் தருகிறது. இதயத்தின் துடிப்பைத் தொடக்கி வைக்கும் இடமும் இத்துருசுகளை நம்பியே இருக்கிறது.

கைகால் தசை: இங்கே துருசுக்கும் உள்ளேயுள்ள களஞ்சியத்துக்கும் இடையே கயிறு கட்டியது போன்ற நேரடித் தொடர்பு இருக்கிறது. நரம்பிலிருந்து செய்தி வந்ததும் துருசு அசைகிறது. அந்த அசைவே களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறது. வெளியிலிருந்து கல்சியம் உள்ளே பாய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

சகோதரி, உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. குளிசை துருசின் வழியைக் குறுக்கினாலும், மண்வெட்டி பிடிக்கும் கை அந்த வழியை நம்பியிருக்கவில்லை. எனவே வைத்தியர் தந்த அளவில் எடுக்கும்போது கை கால் வலு குறையாது.

எலும்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தக் குளிசை எலும்பிலுள்ள கல்சியத்தைக் கரைப்பதில்லை. சாப்பாட்டிலிருந்து கல்சியம் உடலில் சேர்வதையும் தடுப்பதில்லை. அது தடுப்பது ஒன்றைத்தான்: நாடிச் சுவரின் தசைக்குள் அளவுக்கு மிஞ்சிக் கல்சியம் பாய்வதை. ஆகவே கிளினிக்கில் தரும் இரண்டு குளிசைகளும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பவை அல்ல. ஒன்று களஞ்சியத்துக்கு நெல் சேர்க்கிறது. மற்றது வாய்க்காலைச் சீராக்குகிறது.

நெத்தலி, குரக்கன், எள்ளு, முருங்கை இலை, தயிர் ஆகியவற்றில் கல்சியம் நிறைய உண்டு. பிறசர்க் குளிசை எடுப்பவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் நெத்தலிக் கருவாட்டில் உப்பு மிகுதி. நன்றாக ஊறவைத்துக் கழுவி, கறிக்கு உப்பைக் குறையுங்கள். நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு உப்பே ஒருவருக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

தடுப்பான் குளிசைகள்

ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் அல்பிரெக்ற் பிளெக்கன்ஸ்ரைன் என்ற அறிஞர் 1960களில் ஒன்றைக் கவனித்தார். வெரபமில் என்ற மருந்தைக் கொடுத்த இதயத் தசை, கல்சியத்தை எடுத்துவிட்டால் எப்படி நடக்குமோ அப்படியே நடந்தது. அங்கிருந்து வந்தவைதான் இந்தக் குளிசைகள். இவை இருவகைப்படும்.

முதல் வகையில் அம்லோடிபின், நிபெடிபின் போன்றவை அடங்கும். இவை பெரும்பாலும் குருதிக் குழாயில் வேலை செய்து பிறசரைக் குறைப்பவை. கிளினிக்கில் பலருக்கும் கிடைப்பது அம்லோடிபின். இரண்டாம் வகையில் வெரபமில், டில்ரியாசெம் ஆகியவை அடங்கும். இவை இதயத்திலும் வேலை செய்து, வேகமாகத் துடிக்கும் இதயத்தை ஆறுதலாக்கும். இந்த இரண்டாம் வகையை புரோபிரனலோல், அற்றனலோல் போன்ற மருந்துகளோடு வைத்தியருக்குத் தெரியாமல் சேர்த்தால் இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். படபடப்புக்கும் தலையிடிக்கும் புரோபிரனலோல் எடுக்கும் பெண்கள் எம்மிடையே உண்டு. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் குளிசையைக் கடனாக வாங்கிப் போடுவதும், எமது குளிசையை இரங்கிக் கொடுப்பதும் வேண்டாம். அரிசியும் சீனியும் மாற்றிக்கொள்ளலாம், குளிசையை மாற்றக் கூடாது.

அம்லோடிபின் உடலில் நீண்ட நேரம் நிற்கும். அதனால்தான் நாளுக்கு ஒன்று போதுமாக இருக்கிறது. அதே காரணத்தால், நிறுத்திய மறுநாளும் அதற்கடுத்த நாளும் வித்தியாசம் எதுவும் தெரியாது. "நிப்பாட்டியும் ஒன்றும் செய்யவில்லையே" என்று ஏமாந்துவிடுவோம். பிறசர் மெல்ல மெல்ல ஏறும். தலையிடியோ தலைச்சுற்றோ இல்லாமலே 180, 190 என்று போய்விடலாம். உடம்பு சுகமாக இருப்பது நோய் இல்லை என்பதற்கு அடையாளம் அல்ல. குளிசை வேலை செய்கிறது என்பதற்கும் அடையாளமாக இருக்கலாம்.

ஒருநாள் மறந்துவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தால் வழமையான ஒன்றை மட்டும் போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டின்போது ஒன்றை இரண்டாக உடைத்தும், ஒருநாள் விட்டு ஒருநாளும் போட்டுப் பழகியவர்கள் சிலர் அப்படியே தொடர்கிறார்கள். அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். இல்லையென்றால், குளிசை போதவில்லை என்று எண்ணி வைத்தியர் அளவைக் கூட்டிவிடுவார்.

இக்குளிசைகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சிறு பிள்ளை ஒன்றிரண்டை விழுங்கினாலும், பெரியவர் யாரேனும் கூடுதலாக எடுத்தாலும், அறிகுறி தெரியும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கால் ஏன் வீங்கியது?

அம்லோடிபின் எடுக்கும் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இது சிறுநீரகம் பழுதாகிவிட்டதன் அடையாளம் அல்ல. நாடிகள் விரிந்து இரத்தம் தாராளமாக வருகிறது. திரும்பிப் போகும் நாளங்கள் அந்த அளவுக்கு விரிவதில்லை. வாய்க்காலைத் திறந்துவிட்டு வடிகாலைத் திறக்காத வயல் போல, கணுக்காலில் நீர் கசிந்து தேங்குகிறது. நாள் முழுவதும் நின்று வேலை செய்தால் மாலையில் கூடும். படுத்து எழும்பினால் குறையும்.

இதற்கு வழி உண்டு. வைத்தியர் அளவைக் குறைக்கலாம், வேறொரு குளிசையைச் சேர்க்கலாம், அல்லது மாற்றித் தரலாம். நீங்களாக மருந்துக் கடையில் சிறுநீர் போக்கும் குளிசை வாங்கிப் போடாதீர்கள். இவ்வகை வீக்கத்துக்கு அது பெரிதாக உதவாது. செயற்கைக் கால் அணியும் சகோதரிகள், கால் வழமைபோல் பொருந்தாமல் இறுகினாலோ தோல் உரசிப் புண்பட்டாலோ, அதைச் செயற்கைக் காலின் பிழை என்று மட்டும் எண்ணாமல் எடுக்கும் குளிசையின் பெயரையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆனால் ஒரு கால் மட்டும் நோவோடு வீங்கினாலோ, வீக்கத்தோடு மூச்சு முட்டினாலோ, படுத்தால் மூச்சு எடுக்க முடியாமல் இருந்தாலோ அது வேறு விடயம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறுதல், நெஞ்சு இறுக்கிப் பிடித்தல் ஆகியவற்றுக்கும் அப்படியே. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

பல் முரசு தடித்து வளர்வதும் இக்குளிசையால் சிலருக்கு வரலாம். காலையும் மாலையும் பல் துலக்குவதோடு, பல் வைத்தியரிடம் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு

கர்ப்ப காலத்தில் பிறசர் ஏறுவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அப்போது கொடுக்கப்படும் மருந்துகளுள் நிபெடிபினும் ஒன்று. வலிப்பு வராமல் காக்க மக்னீசியம் சல்பேற் ஊசி மூலம் ஏற்றப்படும். மக்னீசியம் உடலின் பல இடங்களில் கல்சியத்துக்குப் போட்டியாக நிற்கும் பொருள். 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான பெரிய ஆய்வொன்று, இம்மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைப்பதை உறுதிப்படுத்தியது. கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிக் கிளினிக்கில் தரும் கல்சியக் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒன்றாக விழுங்காமல் வெவ்வேறு நேரத்தில் எடுங்கள். ஒன்றாக எடுத்தால் இரும்பு சரியாக உடலில் சேராது.

துருசே பழுதானால்

இதுவரை சொன்னது நல்ல துருசைப் பற்றி. சில குடும்பங்களில் துருசோ உள்களஞ்சியத்தின் வாயோ பிறப்பிலேயே பிழையாக அமைந்துவிடும். இவை அரிதான நோய்கள். ஆனால் தெரியாமல் விட்டால் உயிரைப் பறிக்கும், தெரிந்தால் காப்பாற்றலாம். மூன்றை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று, மயக்க மருந்தில் வரும் கொடுங்காய்ச்சல். 1960இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் கால் முறிந்த ஓர் இளைஞர் வைத்தியசாலைக்கு வந்தார். அவருக்கு முறிந்த காலைவிட மயக்க மருந்தே பெரிய பயம். அவருடைய உறவினர்கள் பத்துப் பேர் மயக்க மருந்து கொடுக்கப்பட்டபோது இறந்திருந்தார்கள். வைத்தியர்கள் வேறு மருந்தைக் கவனமாகக் கொடுத்தும் அவருக்கு உடல் கொதிக்கத் தொடங்கியது. உடனே நிறுத்தி, பனிக்கட்டி வைத்துக் குளிரச் செய்ததால் பிழைத்தார். மைக்கல் டென்பரோ என்ற வைத்தியர் அக்குடும்பத்தை ஆராய்ந்து, இது பரம்பரையாக வருவதை உலகுக்குக் காட்டினார். சில மயக்க மருந்துகள் பட்டதும் உள்களஞ்சியத்தின் வாய் மூடாமல் நின்று, கல்சியம் கொட்டுண்டு, தசை முழுவதும் விறைத்துச் சூடேறுவதே இந்நோய். டன்ரொலீன் என்ற மாற்று மருந்து 1970களின் இறுதியில் பாவனைக்கு வந்தது. முன்கூட்டியே தெரிந்தால் ஆபத்தில்லாத மயக்க மருந்தைத் தெரிந்தெடுக்கலாம். அந்த இளைஞர் தன் குடும்பக் கதையைச் சொன்னதால்தான் வைத்தியர்கள் விழிப்பாக இருந்தார்கள்.

இரண்டு, ஓடினால் மயங்கும் பிள்ளை. இதயத்தின் உள்களஞ்சியம் ஒழுகினால், பிள்ளை ஓடும்போதோ நீந்தும்போதோ திடுக்கிடும்போதோ துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழும். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கும். அதனால் வலிப்பு என்று நினைத்துவிடுவதுண்டு. எமது இடங்களிலோ வேறொன்றும் நடக்கிறது. "சண்டைக் காலத்தில் பயந்த பிள்ளை", "தாயின் பயம் பிள்ளைக்கும் வந்துவிட்டது" என்று சொல்லித் திருநீறு போட்டு விட்டுவிடுகிறோம். திருநீறு போடுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். எல்லா மயக்கமும் மனப்பயம் அல்ல. விளையாடும்போது அல்லது திடீர்ச் சத்தத்தில் பிள்ளை மயங்கி விழுந்தால், ஒரு தடவை என்றாலும், இதய வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதற்கு மருந்து உண்டு.

மூன்று, விடியற்காலையில் எழும்ப முடியாமை. முதல்நாள் வயிறு நிறையச் சோறும் இனிப்பும் சாப்பிட்டுவிட்டு, அல்லது கடும் வேலை செய்துவிட்டுப் படுத்தவருக்குக் காலையில் கை கால் அசையாது. சில மணித்தியாலத்தில், அல்லது ஒரு நாளில் தானாகச் சரியாகும். அறிவு தெளிவாக இருக்கும். இதைச் செய்வினை என்று சொல்லிப் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. இரத்தத்தில் பொற்றாசியம் குறைவதால் வரும் தசைச் செயலிழப்பு இது. பல குடும்பங்களில் இதற்குக் காரணம் கைகால் தசையின் கல்சியத் துருசில் உள்ள பரம்பரைப் பிழை என்று 1994இல் கண்டறியப்பட்டது. தைரொயிட் நோயாலும் இப்படி வரலாம். அசைவு திரும்பிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாமல், அசையாமல் இருக்கும் நேரத்திலேயே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்க்க வேண்டும். சிலருக்கு அந்நேரத்தில் இதயத்துடிப்பும் குழம்பக்கூடும்.

ஒரு கொப்பி எழுதுங்கள்

வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "உங்கட குடும்பத்தில யாருக்காவது இப்படி இருந்ததா?" என்பது. இந்தக் கேள்விக்கு முன்னால் எம்மிற் பலர் வாயடைத்துப் போய் நிற்கிறோம். பதில் தெரிந்த அம்மா இல்லை. மாமி வெளிநாட்டில். அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. பழைய கிளினிக் கொப்பிகள் இடம்பெயர்ந்த பாதையில் எங்கேயோ போய்விட்டன. குடும்பத்தின் நோய்க் கதையும் அவற்றோடு போய்விட்டது.

போனது போகட்டும். மிஞ்சியதை இன்றைக்கே எழுதி வையுங்கள். பிள்ளையின் பழைய பாடக் கொப்பியில் மிஞ்சிய நாலு தாள் போதும்.

* வீட்டில் யார் யாருக்குப் பிறசர், நீரிழிவு, இதய நோய், பாரிசவாதம் இருந்தது? எந்த வயதில் வந்தது?

* நாற்பது வயதுக்கு முன் திடீரென இயற்கையாக இறந்தவர் உண்டா? ஓடும்போது, குளிக்கும்போது, நித்திரையில் இறந்தவர் உண்டா?

* ஒப்பரேசனில் அல்லது மயக்க மருந்தில் யாருக்கேனும் ஆபத்து வந்ததா?

* அடிக்கடி மயங்கியவர், கை கால் அசையாமல் கிடந்து பின் தேறியவர் உண்டா?

* இப்போது எடுக்கும் குளிசைகளின் பெயர், அளவு, நேரம்.

* எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? உடம்பில் செல் துண்டு இருக்கிறதா? எந்த இடத்தில்? எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் உள்ள உறவுகள் அடுத்த முறை எடுக்கும்போது, காசு கதை முடிந்த பிறகு இதையும் கேளுங்கள். வயதான அயலவர் ஒருவருக்கு உங்கள் பேரனாரின் சாவு எப்படி வந்தது என்பது தெரிந்திருக்கும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பிறகு அக்கொப்பியை மகளிடமோ மகனிடமோ காட்டி, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பிரதியொன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தது எல்லாம் போய்விடும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு மறுபடியும் ஒரு வார்த்தை. எலும்புக்கும் கைக்கும் என்ன ஆகுமோ என்று பயந்து குளிசையை நிறுத்தினீர்கள். அந்தக் கையைக் காப்பதற்குத்தான் அந்தக் குளிசை. பிறசரைக் கவனிக்காமல் விட்டால் ஒருநாள் மண்வெட்டி பிடிக்க முடியாமல் போவது அந்தக் கைதான். வீக்கத்துக்கு வழி இருக்கிறது. உங்கள் மகள் குளிசையின் பெயரைத் தேடிப் பார்த்தது நல்ல பழக்கம். நாளைக்குக் கிளினிக்குக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொப்பியின் முதற் பக்கத்தை அவளே எழுதட்டும்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். உங்கள் கேள்விகளை எழுதுங்கள். பெயர் போட விரும்பாவிட்டால் போட வேண்டாம்.